வெட்டு விழுந்த இடம்

நேற்றைய விசாரணையில் நான் வாய்மொழியாகச் சொன்னதைத் தட்டச்சு செய்து தாங்கள் கொடுத்தனுப்பிய தாளில் ஒற்றுப்பிழைகள் மிகுந்திருந்தன. ஆகவே அதில் கையெழுத்திடாமல், என் கைப்படவே இதை எழுதித் தருகிறேன். தங்கள் உதவியாளரைக் கடிந்துகொள்ள வேண்டாம். நல்ல பெண். நான் பேசிக்கொண்டிருந்தபோது தண்ணீர் வேண்டுமா என்று தானாகவே கேட்டாள். வேகமாகத் தட்டுபவர்களுக்கு இவ்வாறு நேர்வது இயல்பு.

தாங்கள் அறிய விரும்புவது இது. எங்கள் இல்லச் செவிலியர் சேவையில் பதிவு செய்திருந்த நோயாளி ஒருவர், கழுத்தில் பொருத்தியிருந்த மூச்சுக்குழாய் அடைத்துக்கொண்டதால், உதவி கேட்டுக் கைப்பேசியில் செய்தி அனுப்பினார். அந்தச் செய்தி எங்கள் கணினிக்கு வந்து சேர்ந்ததற்குப் பதிவு இருக்கிறது. ஆனால் செவிலியர் எவரும் போகவில்லை. மறுநாள் காலையில் அவர் நாற்காலியில் அமர்ந்தபடியே இறந்திருந்தார். செய்தியைக் கண்டும் காணாதவர்போல் இருந்துவிட்டார் என்று தலைமைச் செவிலி வேலையிலிருந்து நிறுத்தப்பட்டிருக்கிறார். அவர் அதைக் காணவில்லை. அவருடைய திரைக்கு அது போகவே இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றவையெல்லாம் இதன் பின்னால் வந்தால் போதும்.

நான் பாடநூல் அச்சகமொன்றில் மெய்ப்புத் திருத்துபவளாகத் தொடங்கியவள். அச்சகம் கணினிக்கு மாறியபோது, பழைய எழுத்துருவில் கிடந்த நூல்களைப் புதிய குறிமுறைக்கு மாற்றும் நிரல்களை எழுதக் கற்றுக்கொண்டேன். ஓய்வுக்குப் பிறகு இந்தச் சேவையில் சேர்ந்தேன். நோயாளிகள் எழுதியனுப்பும் செய்திகளை வாங்கி, செவிலியர் அறையிலுள்ள திரையில் ஒழுங்காகக் காட்டும் நிரல் என்னுடையது. அதில் இன்னொருவர் கைவைத்ததில்லை. என் மேசையும் அந்த அறையிலேயே, சன்னலோரமாக இருந்தது.

நிரல் எழுதாதவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டியிருக்கிறது. நாம் எழுத்து என்று காண்பதைக் கணினி எண்களாகத்தான் வைத்துக்கொள்கிறது. ஒவ்வோர் எண்ணும் குடியிருக்கும் அறைக்குப் பைட் என்று பெயர். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓர் அறை போதும். நம்முடைய 'ம' என்ற எழுத்துக்கு மூன்று அறைகள் வேண்டும். அதுவே 'மூ' ஆகும்போது மேலும் மூன்று. இப்படி எழுத்துகள் வரிசையாகக் கோத்து நிற்பதைச் சரம் என்போம். பூச்சரத்தைக் கத்தரிக்கும் ஒருவர் பூக்களை எண்ணாமல் நூலின் நீளத்தை மட்டும் அளந்து வெட்டினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் செய்தி வாங்கும் கருவி அதைத்தான் செய்தது. அது பழையது, ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. எழுத்தை எண்ணாது, அறையை எண்ணும். அளவு நிறைந்ததும் கத்தரித்துவிடும். அந்த வெட்டு சிலவேளை இரண்டு எழுத்துகளுக்கு நடுவிலுள்ள இடுக்கில் விழும். பெரும்பாலும் ஓர் எழுத்தின் வயிற்றில்தான் விழும்.

வெட்டப்பட்ட மீதியைக் கருவி எங்கும் வைத்துக்கொள்வதில்லை. பின்னால் வருமென்று காத்திருப்பவருக்கு அது ஒருநாளும் வராது. புதிதாகச் சேரும் செவிலியரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். ஏனெனில் எல்லோருமே முதலில் காத்திருக்கத்தான் செய்கிறார்கள்.

கடைசி எழுத்து உடைந்து வந்து நிற்கும் சரத்தை நிரல் என்ன செய்ய வேண்டுமென்று எழுதுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். உடைந்ததைச் சத்தமில்லாமல் விட்டுவிடலாம். உடைந்த இடத்தில் ஓர் அடையாளத்தை வைத்து, மற்றதைக் காட்டலாம். அல்லது, பிழையுள்ள சரம் எனக்கு வேண்டாம் என்று முழுவதையும் ஒதுக்கிவிடலாம். தொடக்கத்தில் நான் இரண்டாவது வழியை வைத்திருந்தேன். உடைந்த எழுத்துக்குப் பதிலாகக் கறுப்புச் சாய்சதுரமும் அதனுள் ஒரு கேள்விக்குறியும் திரையில் தோன்றும். செவிலியர் அதற்கு வைரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். நீளமாக எழுதும் நோயாளிகளின் செய்திகள் வைரத்தில் முடியும். அவற்றுள்ளும் ஒருவருடைய செய்திகள் நாள் தவறாமல் வைரத்தில் முடிந்ததால், அவரை வைர வியாபாரி என்றே அழைத்தார்கள்.

வைர வியாபாரி என் கணவர். இறந்தவரும் அவரே. இதைத் தாங்கள் அறிந்துகொண்டுதான் கேள்வி கேட்டீர்கள் என்பது தெரியும். எனினும் முறையாக எழுதிவிடுவது நல்லது.

அவர் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுபவர். விடியும் முன்பே பெட்டியின்மேல் ஏறி நின்று, தக்காளிக்கும் முட்டைக்கோசுக்கும் விலை கூறுவார். பேச்சுதான் அவர் தொழில். வீட்டுக்கு வந்த பிறகும் கடையைக் கட்ட மாட்டார். எழுவாய் ஒரு மூலையிலும் பயனிலை ஒரு மூலையிலும் கிடக்கும். பாதி வாக்கியத்தில் வேறொன்று நினைவுக்கு வந்தால் இதை அந்தரத்தில் விட்டுவிட்டு அதற்குத் தாவிவிடுவார். திருமணமான புதிதில் அவருடைய சந்தைக் கணக்குச் சீட்டுகளில் நான் பிழை திருத்திக்கொடுத்தேன். அன்றிலிருந்து என்னை டீச்சரம்மா என்று அழைக்கத் தொடங்கினார். நான் ஆசிரியை அல்லள் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். எங்கள் மகள் பேசப் பழகியபோது அவளும் சிறிது காலம் என்னை அவ்வாறே அழைத்தாள். அதை நிறுத்துவதற்கு நான் பாடுபட வேண்டியிருந்தது.

நாங்கள் பிரிந்த காரணத்தையும் கேட்டீர்கள். சேவையின் ஆண்டு விழாவுக்குக் குடும்பத்தோடு வரச்சொல்லியிருந்தார்கள். விருந்துக்குப் பின், ஏலக்காரர் நாலு வார்த்தை பேச வேண்டுமென்று சிலர் கேட்டுக்கொண்டார்கள். அவர் நாற்காலியின்மேல் ஏறி நின்று, என்னை ஏலம் விட்டார்.

பழைய சரக்குதான், ஆனால் சொத்தை கிடையாது என்றார். வாங்குகிறவர் வீட்டிலுள்ள சொத்தையெல்லாம் சரக்கே கண்டுபிடித்துக் கொடுத்துவிடும் என்றார். அன்றைய மேலாளர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அலுவலகத்தின் கடைசிப் படியில் நிற்பவர்கள்கூட விலை கேட்டார்கள். யாரோ ஒருவர், பழைய தட்டச்சுப் பொறி தருகிறேன், மாற்றிக்கொள்ளலாமா என்றார். அதற்கும் சிரிப்பு. "டீச்சரம்மா ஒரு தரம்" என்றார் என் கணவர். "டீச்சரம்மா ரெண்டு தரம்" என்றார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

மறுநாளே அலுவலகத்துக்கு அருகில் ஓர் அறை பார்த்துக் குடிபோனேன். பழைய வீட்டிலிருந்து இரண்டு தெருக்கள் தள்ளி. அவர் வந்து கதவைத் தட்டினார். விளையாட்டுக்குச் சொன்னதாகச் சொன்னார். விளையாட்டு என்பது எனக்குத் தெரியும் என்றேன். அதன் பிறகு எங்களுக்கிடையே பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாததுபோல் இருந்தது. உண்மையில் அவருக்கு மிச்சம் நிறைய இருந்திருக்கிறது. எனக்கும் இருந்திருக்கலாம், நான் அதைத் தேடிப் பார்க்கவில்லை.

சில ஆண்டுகளுக்குப் பின் அவருக்குத் தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருக்கும் மகள் தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னதால் நான் மருத்துவமனைக்குப் போனேன். கழுத்தில் குழாயும் மடியில் ஒரு சிலேட்டுமாக அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் வாய் அசைந்தது, ஒலி வரவில்லை. ஊரையே எழுப்பிய வாய் அது. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் சேவையில் அவரைப் பதிவு செய்தது நான்தான். செய்தி அனுப்பும் முறையைக் கைப்பேசியில் காட்டிக்கொடுத்தேன். குழாயில் சளி கட்டினால் உடனே எழுத வேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்று விளக்கினேன்.

"சுருக்கமா எழுதுங்க. நர்ஸுங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கு" என்றேன்.

அவர் சிலேட்டில் எழுதினார்: "ஏலக்காரன்கிட்ட சுருக்கமா பேசச் சொல்றியே, நியாயமா".

நீளமாக எழுதினால் வெட்டு விழும் என்பதையும், எவ்வளவு தூரத்தில் விழும் என்பதையும் அன்று சொல்லியிருக்கலாம். எல்லோருக்கும் சொல்வதை அவருக்குச் சொல்லாமல் விட்டேன்.

அவர் எழுதத் தொடங்கினார். வாயால் பேசியதையெல்லாம் இப்போது விரலால் பேசினார். குழாயில் சளி கட்டியிருக்கிறது, பெரிய ஊசிக்குழல் வேண்டும் என்று தொடங்கும். அங்கிருந்து பக்கத்து வீட்டு நாய்க்குப் போகும். நாயிடமிருந்து வாடகை கேட்க வந்தவரின் மீசைக்குப் போகும். அந்த மீசை முடிவதற்குள் வைரம் வந்துவிடும். செவிலியர் தேநீர் வேளையில் அதை உரக்கப் படிப்பார்கள். மீசைக்கு அப்புறம் என்ன ஆகியிருக்கும் என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் அன்பு இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. சேவையில் இருந்த இருநூறு நோயாளிகளில் அவர் வீட்டுக்குப் போவதற்குத்தான் போட்டி இருந்தது.

தலைமைச் செவிலியைத் தவிர வேறெவருக்கும் அவர் யாரென்று தெரியாது. அந்தத் தலைமைச் செவிலியைச் சின்னக்கா என்று அழைப்போம். ஆண்டு விழாவில் இருந்தவர்களுள் இன்னும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. அவர் எதையும் காட்டிக்கொள்ளாமல், படிப்பவளைப் பார்த்து, "போதும்டி, கப்பைக் கழுவு" என்று சொல்லி என்னைக் காப்பாற்றுவார். ஒருநாள் அவர் விடுப்பில் இருந்தபோது, ஒரு பெண் இதைப் படித்தாள்:

"நர்ஸம்மா உங்க ஆபீஸ்ல மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு டீச்சரம்மா இருப்பாங்க அவங்ககிட்ட சொல்லுங்க பால்கனிச் செடிக்கு நான் ஒழுங்காத்தான் தண்ணி ஊத்தறேன் ஆனா என்னைப் பார்த்தாலே அது மூஞ்சியைத் திருப்பிக்குது அவங்ககிட்ட வளர்ந்த செடி இல்லையா".

பிறகு வைரம். எல்லோரும் சன்னலோரம் திரும்பினார்கள். அந்த அறையில் மூக்குக்கண்ணாடி அணிந்தவள் நான் ஒருத்திதான். நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட முயற்சி எனக்குக் கேட்டது.

அன்று மாலை மேலாளரிடம் போய், உடைந்த செய்திகளை அப்படியே காட்டுவது ஆபத்து என்று விளக்கினேன். மருந்தின் அளவு சொல்லும் இடத்தில் வெட்டு விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். நியாயமான கேள்விதான்; இன்றும் நியாயமான கேள்விதான். இனிமேல் பிழையுள்ள சரத்தை நிரல் முழுமையாக ஒதுக்கட்டும், ஒதுக்கியவை என்னுடைய திரைக்கு மட்டும் வரட்டும், நானே பார்த்துச் சரிசெய்து செவிலியருக்கு அனுப்புகிறேன் என்றேன். உங்களைப் போல நாலு பேர் இருந்தால் போதும் என்று மேலாளர் என்னைப் பாராட்டினார். நிரலில் ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். வைரங்கள் மறைந்துபோயின.

சொன்னபடியே செய்தேன். ஒதுக்கப்பட்ட செய்தி வந்தால் என் திரையின் ஓரத்தில் ஒரு சிறு விளக்கு எரியும். கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு அதைத் திறப்பேன். உடைந்த எழுத்தை நீக்கி, மற்றதை உடனே செவிலியர் திரைக்கு அனுப்புவேன். என் மேசையில் எவருடைய செய்தியும் தேநீர் ஆறும் நேரம்கூடத் தங்கியதில்லை. பதிவுகளைச் சோதித்துப் பாருங்கள்.

ஒருவருடைய செய்திகள் தங்கின.

அவருக்கும் நான் குறை வைக்கவில்லை என்றே எண்ணியிருந்தேன். அவர் எழுதிய பெருங்கதையிலிருந்து தேவையானதை மட்டும் பிரித்தெடுத்து, 'குழாயில் சளி. பெரிய ஊசிக்குழல் தேவை.' என்று இரண்டு வரிகளில் செவிலியருக்கு அனுப்புவேன். நாயையும் மீசையையும் செடியையும் நான் வைத்துக்கொண்டேன். சில செய்திகளில் வெட்டு தற்செயலாக எழுத்துகளின் இடுக்கில் விழும். அவை பிழையற்ற சரங்களாதலால் நேரே செவிலியரிடம் போய்விடும். ஆகவே அவர்களுக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. வைர வியாபாரி இப்போதெல்லாம் சுருக்கமாக எழுதக் கற்றுக்கொண்டார், பாவம், உடம்பு தளர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

அவற்றை நான் மறுபடியும் மறுபடியும் படித்தேன். முதலில் பிழை திருத்துவதற்காகப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். திருத்தவும் செய்தேன். ஒருநாள், வெயிலைப் பற்றி அவர் எழுதியிருந்த ஒரு வரியில் எதையும் மாற்ற மனம் வராமல் அமர்ந்திருந்ததைக் கவனித்தேன். அலுவலகத்துக்கு முன்பைவிடச் சீக்கிரமாக வரத் தொடங்கியிருந்தேன். அந்தச் சிறு விளக்கு எரியாத நாள்களில் நிரலைச் சோதித்துப் பார்த்தேன், பழுதாகிவிட்டதோ என்று. நிரல் நன்றாகத்தான் இருந்தது. பதில் எழுத வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. அவை எனக்கு எழுதப்பட்டவை அல்லவே, செவிலியருக்கு எழுதப்பட்டவை.

பிறகு அவர் கண்டுபிடித்துவிட்டார்.

செடியைப் பற்றி எழுதியதைப் படித்தீர்களா, மீசையைப் பற்றிப் படித்தீர்களா என்று வந்த செவிலியரிடமெல்லாம் சிலேட்டில் எழுதிக் கேட்டிருக்கிறார். சில கதைகள் அவர்களுக்குத் தெரிந்திருந்தன, பல தெரியவில்லை. கதை தெரியாமல் வந்தவர்களின் கையில், கேட்ட பொருள் மட்டும் அச்சுப்பிசகாமல் இருந்தது. ஏலக்காரருக்கு ஆள் பார்த்து விலை மதிக்கத் தெரியும். அடுத்த செய்தி இப்படி இருந்தது:

"நான் ஒரு கூடை எழுதினா ரெண்டு காய் மட்டும் போய்ச் சேருது நடுவுல யாரோ தரம் பிரிக்கறாங்க யாருன்னு யோசிச்சேன் ரொம்ப நேரம் யோசிக்கலை என் பேச்சை இப்படி வெட்டறதுக்கு உலகத்துல ஒரே ஒரு ஆள்தான் பொறந்திருக்காங்க என்ன டீச்சரம்மா சௌக்கியமா".

அதற்குப் பின் எழுதிய எல்லாவற்றிலும் அந்தக் கேள்வி இருந்தது. குட்டையாக எழுதினால் செவிலியருக்குப் போகும், நீட்டி எழுதினால் டீச்சரம்மாவுக்கு வரும் என்று கணக்குப் போட்டுவிட்டார். ஏறத்தாழச் சரியான கணக்கு. செவிலியர் வேண்டுமென்றால் ஒரு வரி எழுதினார். என்னோடு பேச வேண்டுமென்றால் வெட்டு விழும்வரை எழுதினார். ஒவ்வொன்றின் முடிவிலும் பழைய ஏலத்தைக் கூவத் தொடங்கினார்: டீச்சரம்மா ஒரு தரம், டீச்சரம்மா ரெண்டு தரம். அவற்றுள் ஒன்றுகூட மூன்றாம் தரத்தை எட்டவில்லை. எட்டும் முன்பே வெட்டு விழுந்துவிடும். அது விழும் இடம் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அவர் மிகைப்படுத்துபவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒருமுறை மூச்சே நின்றுவிடும் போலிருக்கிறது என்று எழுதியிருந்தார். நான் பதறிச் சின்னக்காவை அனுப்பினேன். அவர் போய்ப் பார்த்தபோது, என் கணவர் பால்கனியில் அமர்ந்து வாழைப்பழத்தை மசித்துக்கொண்டிருந்தாராம். யார் அனுப்பினார்கள் என்று சிலேட்டில் கேட்டாராம். டீச்சரம்மாதான் ஓடு ஓடு என்று விரட்டினார்கள் என்று சின்னக்கா உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவர் முகம் கலியாண வீடு மாதிரி ஆகிவிட்டது என்று திரும்பி வந்து என்னிடம் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. இனி இவ்வாறு ஏமாறுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். பிற்பகல். செவிலியரில் பாதிப் பேர் வெளியே போயிருந்தார்கள். சின்னக்கா எனக்கு எதிரே அமர்ந்து பஞ்சுப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். விளக்கு எரிந்தது. திறந்தேன். அவர் அனுப்பியதை வந்தபடியே எழுதுகிறேன்.

"டீச்சரம்மா. இது நர்ஸுக்கு இல்லை. உனக்குத்தான். குழாய் அடைச்சிருக்கு. நானே எடுத்துப் பார்த்தேன், வரலை. இது விளையாட்டு இல்லை. உனக்குப் புரியணும்னு நிறுத்தி நிறுத்தி எழுதறேன், புள்ளியெல்லாம் வச்சிருக்கேன் பாரு. நர்ஸை அனுப்பாதே. நீ வா. ரெண்டு தெருதானே. டீச்சரம்மா ஒரு தரம். டீச்சரம்மா ரெண்டு தரம். டீச்சரம்மா ம".

அந்த 'ம' முழுமையாக இருந்தது. அதனோடு சேர்ந்து அதை 'மூ' ஆக்க வேண்டிய சுழி உடைந்திருந்தது.

அவர் வாழ்நாளில் எழுதியவற்றுள் நான் திருத்துவதற்கு ஒன்றும் இல்லாத முதல் செய்தி அது. முற்றுப்புள்ளிகள் அந்தந்த இடத்தில் இருந்தன. மூச்சில்லாத ஒருவர் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நின்று, புள்ளி வைத்து, அடுத்ததைத் தொடங்கியிருக்கிறார். அதை அப்போதே கவனித்தேன்.

எழவில்லை. சின்னக்கா நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"இல்லை. பாதிதான் வந்திருக்கு. மீதி வரட்டும்" என்றேன்.

அவர் மறுபடியும் பஞ்சை அடுக்கத் தொடங்கினார். தாங்கள் வேலையிலிருந்து நிறுத்தியிருப்பது அவரைத்தான். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மேசை அகலம்தான் இருந்தது. திரையைச் சற்றுத் திருப்பியிருந்தாலும் போதும்.

மாலைவரை அமர்ந்திருந்தேன். வேறு இருவருடைய உடைந்த செய்திகள் வந்தன. இரண்டையும் சரிசெய்து உடனே அனுப்பினேன். வேலை முடிந்ததும் திரையைத் துடைத்துவிட்டு, என் அறைக்குப் போனேன். நேராகப் போனால் பழைய வீட்டுத் தெரு குறுக்கே வரும். அன்று சுற்றிக்கொண்டு போனேன்.

காலையில் வழக்கமான சுற்றில் அவரைக் கண்டவர் சின்னக்காதான். பால்கனிக் கதவு திறந்திருந்ததாகவும், வெளியே உடுத்திப்போகும் வெள்ளைச் சட்டையை அவர் போட்டிருந்ததாகவும் சொன்னார். கைப்பேசி மடியில் இருந்தது. எதிரே இன்னொரு நாற்காலியும் போட்டிருந்ததாம். அதிலிருந்த துணிகளை எடுத்துக் கட்டில்மேல் வைத்திருந்தாராம்.

மகள் வந்து சேர்ந்தாள். சடங்கெல்லாம் முடிந்த பிறகு என் பக்கத்தில் அமர்ந்து கேட்டாள்: "அப்பா கடைசியா உனக்கு ஏதாவது எழுதினாராம்மா?"

"முழுசா ஒண்ணும் வரலை" என்றேன். இலக்கணப்படி அதில் பொய் இல்லை. அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். குழந்தையாக இருந்தபோதுகூட அவள் அப்படிச் சாய்ந்தது அவர் தோளில்தான்.

சின்னக்காவும் வந்திருந்தார். அதற்குள் அவர்மீது விசாரணை தொடங்கிவிட்டது. அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கியவர்போல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு ஆண்டு விழாவில நீங்க பாதியில எந்திரிச்சுப் போயிட்டீங்கம்மா. அப்புறம் என்ன நடந்துச்சுன்னு நீங்க கேட்கவே இல்லை. நானும் சொல்லலை. யார் யாரோ விலை கேட்டாங்க, அவர் ஒருத்தருக்கும் கொடுக்கலை. மூணு தரம்னு சொல்லித் தன் நெஞ்சில தானே தட்டிக்கிட்டாரு. எவ்வளவு கொடுத்தாலும் இது எனக்குத்தான்னாரு. திரும்பிப் பார்த்தா உங்க நாற்காலி காலியா இருந்துச்சு. அப்படியே இறங்கிட்டாரு."

நான் அவருக்கு நன்றி சொன்னேன். படியில் பார்த்து இறங்கச் சொன்னேன்.

தாங்கள் எழுதித் தந்த தாளில், கணினிக் கோளாறு காரணமாகச் செய்தி தவறவிடப்பட்டிருக்கலாம் என்றொரு வரி இருந்தது. பரிவோடு எழுதப்பட்ட வரி என்று நினைக்கிறேன். அதை நீக்கிவிடுங்கள். நிரலில் கோளாறு எதுவும் இல்லை. நான் எழுதியபடியே அது நடந்துகொண்டது. சின்னக்காவை வேலைக்குத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள். செய்தியைப் பெற்றவள் நான், படித்தவள் நான், வைத்துக்கொண்டவளும் நான். மேலே எடுத்தெழுதியிருக்கும் அவருடைய கடைசிச் செய்தியைத் தட்டச்சு செய்யும்போது, முடிவிலுள்ள அந்த 'ம' பிழையென்று எண்ணித் தங்கள் உதவியாளர் எதையும் சேர்க்கவோ நீக்கவோ வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும்.

நான் இரக்கமற்றவள் என்று தாங்கள் முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காக ஒன்றை மட்டும் சேர்த்துக் கையெழுத்திடுகிறேன். அன்று அந்தச் செய்தியைப் படித்ததும் கையிலிருந்த பேனாவைக்கூட மூடி வைத்துவிட்டேன், காலணியையும் மாட்டிக்கொண்டுவிட்டேன். மூன்றாம் தரம் கூப்பிட்டு முடிக்கட்டும் என்றுதான் காத்திருந்தேன். மீதி வந்திருந்தால், நான் போயிருப்பேன்.